போகும்போது எட்டு, வரும்போது ஏழு

"ஏன்டா, போறதுக்கு எட்டு மணி நேரம், வர்றதுக்கு ஏழு மணி நேரம்னு போட்டிருக்கு. அதே வழிதானே? தப்பா அச்சடிச்சுட்டாங்களா?"

டிக்கெட்டை மூக்குக் கண்ணாடிக்கு நெருக்கமாகப் பிடித்துக்கொண்டு அம்மா கேட்டார். அட்லாண்டிக் கடலைத் தாண்டி மேற்கே போய்த் திரும்பும் பயணம். அவ்வளவு நீண்ட பயணம் அவருக்கு அதுதான் முதல் தடவை. "காத்துதாம்மா காரணம்" என்று சொல்லிவிட்டுப் பெட்டி கட்டப் போய்விட்டேன். பதில் சரிதான். ஆனால் அம்மா விடவில்லை. சாப்பிட உட்கார்ந்தபோது மறுபடி ஆரம்பித்தார். "அவ்வளவு பெரிய விமானத்தை ஒரு மணி நேரம் பின்னாடி தள்ளுற காத்தா?"

அதற்கு முழுப் பதில் என்னிடம் அன்று இல்லை. தேடிப் படிக்க ஆரம்பித்தவன்தான், இன்னும் நிறுத்தவில்லை.

இரண்டு விமான நிலையங்களின் பெயரை இணையத்தில் தட்டினால் இரண்டு எண்கள் வந்து நிற்கும். தூரம் இவ்வளவு, நேரம் இவ்வளவு. தூரத்தை நம்பலாம். நேரம் பெரும்பாலும் அந்தத் தூரத்தை ஏதோ ஒரு சராசரி வேகத்தால் வகுத்து, ஏறி இறங்க அரை மணி சேர்த்துப் போட்ட கணக்கு. அதில் திசை கிடையாது, மாதம் கிடையாது, காற்று கிடையாது. அதை நம்பி அடுத்த விமானத்துக்கு டிக்கெட் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது. இதை எழுத உட்கார்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

முதலில் தூரம். வீட்டில் ஒரு பழைய பூகோள உருண்டை இருந்தது. அம்மா தையல் பெட்டியிலிருந்து சிவப்பு நூல் கொஞ்சம் அறுத்துக் கொடுத்தார். லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு நுனியை நான் விரலால் அழுத்திக்கொள்ள, டோக்கியோவில் மறு நுனியை அவர் பிடித்துக்கொண்டார். இரண்டு ஊர்களும் கிட்டத்தட்ட ஒரே அட்சரேகையில்தான் இருக்கின்றன. ஒன்று 34 டிகிரி வடக்கு, மற்றது 35½. சுவரில் மாட்டும் தட்டையான வரைபடத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டால் பசிபிக்கின் நடுவே நேராகப் போகும். நூலை அந்த ரேகை மேலேயே படுக்க வைத்துப் பார்த்தோம். அம்மா லேசாக இழுத்ததும் நூல் தளர்ந்து வடக்கே நழுவியது. இன்னும் இறுக்கினார், இன்னும் மேலே போனது. கடைசியில் விறைப்பாக நின்றபோது நூலின் நடுப்பகுதி 48 டிகிரி பக்கம், அலூஷியன் தீவுகளுக்குச் சற்றுத் தெற்கே இருந்தது. அம்மாவின் விரல்களுக்கிடையே அரை அங்குல நூல் மிச்சம்.

அந்த மிச்சம்தான் விஷயம். அட்சரேகையை ஒட்டியே போனால் சுமார் 9,300 கிலோமீட்டர். நூல் காட்டிய வழியில் சுமார் 8,800. வடக்கே வளைந்து போவதுபோலத் தெரிகிற வழி 500 கிலோமீட்டர் குறைவு. உருண்டையைச் சரிபாதியாக வெட்டினால் வெட்டு விளிம்பில் கிடைக்கும் வட்டத்தைப் பெருவட்டம் என்பார்கள். எந்த இரண்டு இடங்களுக்கும் நடுவே அதன் ஒரு துண்டுதான் மிகக் குறுகிய வழி. நம் கண்ணைக் குழப்புவது 1569-இல் மெர்கேட்டர் வரைந்த முறையில் வந்த வரைபடம். கப்பலோட்டிகள் ஒரே திசைகாட்டிக் கோணத்தில் போவதற்காக வரைந்தது அது. அந்த வேலைக்கு அதை மிஞ்ச ஆளில்லை. தூரம் பார்க்க மட்டும் அதை எடுக்கக் கூடாது.

இணையம் காட்டும் தூரமும் இந்த நூல் கணக்குதான். இரண்டு நிலையங்களின் அட்சரேகை, தீர்க்கரேகையை எடுத்து, பூமியின் ஆரம் 6,371 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டு கோண அளவால் கணக்கிடுகிறார்கள். பூமி சரியான உருண்டை இல்லை, துருவப் பக்கம் கொஞ்சம் அமுங்கியிருக்கிறது. நிலநடுக்கோட்டில் ஆரம் 6,378, துருவத்தில் 6,357. அதனால் இந்தக் கணக்கில் நூற்றுக்கு அரை வரை பிசகலாம். நுணுக்கமாக வேண்டும் என்பவர்கள் 1975-இல் வின்சென்டி கொடுத்த சூத்திரத்தைப் பயன்படுத்துகிறார்கள். பயணிக்கு அந்தப் பத்து இருபது கிலோமீட்டரால் ஒன்றும் ஆகப்போவதில்லை.

அலகில்தான் ஆகும். லண்டன் ஹீத்ரோவுக்கும் நியூயார்க் கென்னடிக்கும் தூரம் சுமார் 5,540 கிலோமீட்டர். அதையே 3,440 மைல் என்றும் எழுதுவார்கள், 2,990 கடல் மைல் என்றும் எழுதுவார்கள். விமானிகள் புழங்குவது கடைசியைத்தான். ஒரு கடல் மைல் 1,852 மீட்டர். அட்சரேகையில் ஒரு டிகிரியை அறுபதாகப் பிரித்தால் ஒரு பங்கு அது. மணிக்கு ஒரு கடல் மைல் போனால் ஒரு நாட். மைலில் இருக்கும் தூரத்தைக் கிலோமீட்டர் வேகத்தால் வகுத்துவிட்டு, "நாலு மணி நேரம்தான், எதுக்கு எட்டுன்னு போட்டிருக்கான்?" என்று என்னிடமே இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள்.

சரி, நூல் வழியே விமானம் போகிறதா? அப்படியே போவது அபூர்வம். ஓடுபாதையில் காற்றை எதிர்த்துத்தான் மேலெழும்ப வேண்டும். மேற்கே போக வேண்டிய விமானம் கிழக்கே பார்த்து எழும்பி, அரைவட்டம் அடித்துத் திரும்புவது சாதாரணம். இறங்கும் இடத்தில் கூட்டம் இருந்தால் வானத்திலேயே வட்டமடித்து முறை வரும்வரை காத்திருக்கும். அட்லாண்டிக்கின் நடுவே தரை ரேடார் எட்டாது என்பதால், அங்கே தினமும் தடங்களைப் புதிதாகப் போடுகிறார்கள். மேற்கே போகிறவர்களுக்கு ஒரு தொகுதி, கிழக்கே வருகிறவர்களுக்கு ஒரு தொகுதி. கனடாவின் காண்டர், பிரிட்டனும் அயர்லாந்தும் சேர்ந்து நடத்தும் ஷான்விக் என்ற இரண்டு வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு மையங்களிலிருந்து அவை வருகின்றன. அன்றைய காற்றைப் பார்த்துப் போடுவதால் நேற்றைய தடம் இன்று இருக்காது.

சில சமயம் காற்றைவிடப் பெரிய தடை நாட்டு எல்லை. ஹெல்சிங்கிக்கும் டோக்கியோவுக்கும் பெருவட்டத் தூரம் சுமார் 7,800 கிலோமீட்டர். ரஷ்யாவின் மேல் பறந்து ஒன்பதரை மணி நேரத்தில் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தார்கள். 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கி, ஐரோப்பிய விமானங்களுக்கு அந்த வானம் மூடியது. இப்போது வட துருவத்தை ஒட்டியோ, தெற்கே சுற்றியோ சுமார் 13 மணி நேரம். இரண்டு ஊர்களும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன, இணையத்தில் தூரமும் மாறவில்லை. சோவியத் காலத்திலும் இதே கதைதான். ஐரோப்பாவிலிருந்து டோக்கியோ போன விமானங்கள் அலாஸ்காவின் ஆங்கரேஜில் இறங்கி எரிபொருள் போட்டுக்கொண்டு போயின. அந்த ஊரின் விமான நிலையம் அப்படித்தான் பேர் வாங்கியது.

இனி அம்மாவின் காற்றுக்கு வருகிறேன். எனக்கு இதில் பிடித்த பகுதியே இதுதான்.

பயணத்தின்போது சீட்டுக்கு முன்னால் இருந்த திரையில் அம்மா படம் எதுவும் பார்க்கவில்லை. வரைபடத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். வெளியே வெப்பம் கழித்தல் 57 டிகிரி, உயரம் 11,000 மீட்டர் சொச்சம், தரை வேகம் மணிக்கு 762 கிலோமீட்டர், எதிர்காற்று 138. என்னிடம் பேனா வாங்கி, போர்டிங் பாஸின் பின்பக்கம் 762 என்று எழுதிக்கொண்டார். "தொளாயிரம் போகும்னு சொன்னியே?"

தொளாயிரம் போய்க்கொண்டுதான் இருந்தது, காற்றுக்குள்ளே. அதுதான் முழுப் பதில். விமானத்தின் இறக்கைக்குத் தரை இருப்பதே தெரியாது. அது தன்னைச் சுற்றியிருக்கும் காற்றைக் கிழித்துக்கொண்டு மணிக்கு 900 கிலோமீட்டர் போகிறது, அவ்வளவுதான். அந்தக் காற்று மொத்தமாக எதிர்த் திசையில் 138 கிலோமீட்டர் வேகத்தில் நகர்ந்துகொண்டிருந்தால், தரையில் இருக்கிறவர் கணக்கில் 762. ஆற்றில் ஓட்டத்தை எதிர்த்துத் துடுப்புப் போடுகிறவரை நினைத்துக்கொள்ளுங்கள். கை ஓயாமல் போடுகிறார், படகும் தண்ணீரைத் தள்ளிக்கொண்டுதான் போகிறது, கரையில் இருக்கும் மரம் மட்டும் மெதுவாகத்தான் பின்னால் போகிறது.

தூரம் தரையின் கணக்கு. விமானம் பறப்பது காற்றில். இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதுதான் நாம் எல்லோரும் செய்யும் தவறு.

"போகும்போது ஒரு மணி கூடுது, வரும்போது ஒரு மணி குறையுது. கூட்டிக் கழிச்சா சரியாப் போயிடுமே?" இது அம்மாவின் அடுத்த கேள்வி. சரியாகப் போகாது. 5,500 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம், காற்றில் வேகம் 900. காற்றே இல்லாவிட்டால் போய்வர 12 மணி 13 நிமிடம். காற்று 200 வீசினால், எதிர்த்துப் போகும்போது தரை வேகம் 700. ஆகும் நேரம் 7 மணி 51 நிமிடம். கூடவே வரும்போது 1,100. சரியாக 5 மணி. மொத்தம் 12 மணி 51 நிமிடம். 38 நிமிடம் நஷ்டம். காரணம் யோசித்தால் எளிது. நம்மைத் தடுக்கும் காற்றுக்குள் அதிக நேரம் இருக்கிறோம், நம்மைத் தள்ளும் காற்றுக்குள் குறைந்த நேரம்தான் இருக்கிறோம். போகும்போது இழந்ததைத் திரும்பும்போது அப்படியே எடுத்துவிட முடியாது. அதனால்தான் மேற்கே போகும்போது அந்த ஆற்றின் ஓட்டத்தைவிட்டு விலகி, கொஞ்சம் சுற்றுவழியானாலும் பரவாயில்லை என்று வடக்கே ஒதுங்கிப் போகிறார்கள். கிழக்கே வரும்போது நேராக அதற்குள்ளேயே புகுந்துகொள்கிறார்கள். இரண்டு பேருக்கும் தினமும் வேறு வேறு தடம் போடுவதும் இதற்காகத்தான்.

அந்த ஆற்றுக்கு ஜெட் ஸ்ட்ரீம் என்று பெயர். பத்து கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் காற்று. வெயில் அதிகம் வாங்கும் நடுப்பகுதிக்கும் குளிர்ந்த துருவத்துக்கும் உள்ள வெப்ப வித்தியாசத்தில் பிறந்து, பூமியின் சுழற்சியால் கிழக்கே திரும்புகிறது. குளிர்காலத்தில் அந்த வித்தியாசம் கூடும், காற்றும் வலுக்கும். அதே ஊர்களுக்கு நடுவே ஜனவரியும் ஜூலையும் ஒன்றாக இருக்காது. ஒற்றை நடைபாதை கொண்ட போயிங் 757 விமானங்களை அட்லாண்டிக்கில் ஓட்டியபோது, சில குளிர்காலங்களில் மேற்கே போகும்போது எரிபொருள் போதாமல் காண்டரில் இறங்க வேண்டி வந்திருக்கிறது. வரைபடத்தில் தூரம் அவை பறக்கக்கூடிய தூரத்துக்குள்தான் இருந்தது.

இந்தக் காற்றை முதலில் முறையாக அளந்தவரை நினைத்தால் எனக்கு மனம் நெகிழும். ஜப்பானில் வாசபுரோ ஓயிஷி என்ற வானிலை ஆய்வாளர், டாடேனோ என்ற இடத்திலிருந்து 1920-களில் பலூன்களைப் பறக்கவிட்டு, தரையில் நின்று தொலைநோக்கியால் அவை போகும் திசையைத் தொடர்ந்து பார்த்தார். மேலே போகப்போக பலூன்கள் மிரட்டும் வேகத்தில் கிழக்கே ஓடின. பொறுமையாகக் குறித்துவைத்து 1926-இல் வெளியிட்டார். உலகம் முழுக்கப் படிக்க வேண்டும் என்ற ஆசையில், எல்லா நாட்டவருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று உருவாக்கிய எஸ்பெராண்டோ மொழியில் வெளியிட்டார். அந்த மொழியைப் படிக்க அதிகம் ஆள் இல்லை. இரண்டாம் உலகப் போரில், டோக்கியோ மேல் உயரத்தில் பறந்த அமெரிக்க பி-29 குண்டுவீச்சு விமானங்கள் அந்தக் காற்றில் சிக்கித் திணறியபோதுதான் மற்றவர்களுக்கு அது உறைத்தது. கிட்டத்தட்ட இருபது வருடத்துக்கு முன்பே ஒருவர் அளந்து எழுதிவைத்திருந்தார்.

அந்த ஆறு பெருக்கெடுத்தால் என்ன ஆகும் என்று 2020 பிப்ரவரி 9 காட்டியது. சியாரா புயலை ஒட்டிய காற்றைப் பிடித்துக்கொண்டு, நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு பிரிட்டிஷ் ஏர்வேஸின் 747 ஒன்று 4 மணி 56 நிமிடத்தில் வந்து இறங்கியது. தரை வேகம் மணிக்கு 1,300 கிலோமீட்டரைத் தாண்டியது. ஒலியின் வேகத்தைத் தாண்டிவிட்டதே என்று அப்போது பலர் வியந்தார்கள். தாண்டவில்லை. காற்றுக்குள் வழக்கமான வேகத்தில்தான் போனது; மீதியைக் காற்று கொடுத்தது. ஒலியை உண்மையிலேயே மிஞ்சிய கான்கார்டு விமானம், 1996 பிப்ரவரி 7 அன்று அதே தடத்தில் 2 மணி 52 நிமிடம் 59 விநாடியில் வந்தது. அதுவும் நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு, கிழக்கு நோக்கித்தான்.

காற்றின் விளையாட்டு சின்னத் தூரத்திலும் உண்டு. ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஆர்க்னி தீவுகளில் வெஸ்ட்ரே, பாப்பா வெஸ்ட்ரே என்று இரண்டு தீவுகள். நடுவில் 2.7 கிலோமீட்டர். உலகத்திலேயே குறுகிய பயணிகள் விமானச் சேவை அதுதான். அட்டவணையில் 2 நிமிடம், காற்று கைகொடுத்த ஒரு நாளில் 53 விநாடி.

பூமி கிழக்கே சுற்றுகிறதே, அப்படியானால் மேற்கே போகும்போது ஊர் நம்மை நோக்கி வர வேண்டாமா என்று சிலர் கேட்பார்கள். நல்ல கேள்விதான். பூமியோடு சேர்ந்து காற்று மண்டலமும் சுற்றுகிறது, நின்றிருந்த விமானமும் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. அதனால் அந்த லாபம் கிடைக்காது.

டிக்கெட்டில் இருக்கும் மணிக்கணக்கைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அது வானத்தில் இருக்கும் நேரம் மட்டும் இல்லை. கேட்டில் நிற்கும் விமானத்தின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்திருப்பார்கள். கட்டையை எடுத்துவிட்டு விமானம் நகரத் தொடங்கும் நொடியிலிருந்து, போன இடத்தில் நின்று மறுபடி கட்டை வைக்கும் நொடிவரை உள்ளதுதான் பயண நேரம். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, வரிசையில் நிற்பது எல்லாம் அதில் அடக்கம். பெரிய நிலையங்களில் இதற்கே அரை மணி போய்விடும். அதோடு, சொன்ன நேரத்துக்கு வந்தோம் என்று இருக்கட்டும் என்று விமான நிறுவனங்கள் கொஞ்சம் கூட்டியே போடுகின்றன. அதைக் குறை சொல்ல மாட்டேன். காற்றை முன்கூட்டியே அச்சடிக்க முடியாது.

கிளம்பும் நேரம், சேரும் நேரம் இரண்டும் அந்தந்த ஊர் நேரம். லண்டனில் காலை 10-க்குக் கிளம்பி நியூயார்க்கில் பகல் 1-க்கு என்றிருந்தால் மூன்று மணி நேரம் இல்லை, நியூயார்க் ஐந்து மணி பின்னால் என்பதால் எட்டு. மார்ச்சில் இரண்டு மூன்று வாரம் இந்த ஐந்து நான்காகிவிடும். அமெரிக்கா தன் கடிகாரத்தை மாதத்தின் இரண்டாம் ஞாயிறு மாற்றுகிறது, பிரிட்டன் கடைசி ஞாயிறு மாற்றுகிறது. அந்த வாரங்களில் கையால் கணக்குப் போடாதீர்கள், டிக்கெட்டில் போட்டிருக்கும் மொத்த நேரத்தையே பாருங்கள்.

திரும்பும்போது இரவு விமானம். அம்மா தூங்கவில்லை. கடலின் நடுவே திரையில் 1,081 என்று வந்ததும் என்னைத் தட்டி எழுப்பினார். பத்திரமாக வைத்திருந்த அதே போர்டிங் பாஸை எடுத்து, 762-க்குக் கீழே எழுதி, கழித்தும் பார்த்தார். "முந்நூத்துப் பத்தொம்போது" என்றார், யாரோ உறவுக்காரர் வீட்டுக் குழந்தையின் மதிப்பெண்ணைச் சொல்வதுபோல அவ்வளவு சந்தோஷமாக. எதிர்காற்று என்று இருந்த இடத்தில் இப்போது பின்காற்று 176 என்று இருந்தது. எழுந்து நிற்காத குறையாக அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். கப் தண்ணீர் கொண்டுவந்த பணிப்பெண்ணிடமும் காட்டினார்.

சொன்ன நேரத்துக்கு நாற்பது நிமிடம் முன்னதாகவே இறங்கிவிட்டோம். எல்லோரும் பெல்ட்டைக் கழற்றப் போனார்கள். விமானம் கொஞ்ச தூரம் ஊர்ந்து, நட்ட நடுவில் நின்றுவிட்டது. எங்கள் கேட்டில் இன்னொரு விமானம் நிற்கிறது, அது கிளம்பும்வரை காத்திருக்க வேண்டும் என்று விமானி அறிவித்தார். அம்மா ஜன்னலில் முகத்தை ஒட்டி வைத்துக்கொண்டார். மழை தூறிக்கொண்டிருந்தது. கடல் மேல் காற்று கொடுத்த நேரத்தில் அரை மணி அங்கேயே கரைந்தது.

அப்புறம் மெல்ல நகர்ந்து கேட்டுக்கு வந்தோம். மஞ்சள் மழைக்கோட்டு போட்ட ஒருவர் தலையைக் குனிந்துகொண்டு முன் சக்கரத்தை நோக்கி ஓடினார், கையில் கட்டை. குனிந்து வைத்தார், காலால் ஒரு தட்டுத் தட்டினார், நிமிர்ந்து கையைத் தூக்கிக் காட்டினார்.

"இப்ப வந்தாச்சா?" என்றார் அம்மா.

"இப்பத்தாம்மா வந்தோம்."

அம்மா மணிக்கட்டைத் திருப்பி நேரம் பார்த்து, போர்டிங் பாஸில் எழுதிக்கொண்டார்.